சபாநாயகர் போன தூது: ஜிம் ரைட்டும் நிகராகுவாவும், 1987

1987 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் உள்ள வத்திக்கான் தூதரகத்தில் ஒரு சந்திப்பு. வந்தவர்களில் ஒருவர் மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் அதிபர் டானியல் ஒர்டேகா. இன்னொருவர் அதே நாட்டின் பேராயர், கர்தினால் மிகுவேல் ஒபாண்டோ இ பிராவோ. ஒர்டேகாவின் அரசோடு ஆண்டுக்கணக்கில் மோதி வந்தவர். அவர்களோடு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜிம் ரைட். தன் அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா கிளர்ச்சியாளர்களோடு போர்நிறுத்தம் செய்துகொள்வதற்கான பதினொரு அம்சத் திட்டத்தை ஒர்டேகா அங்கே கர்தினாலிடம் கொடுத்தார். கான்ட்ராக்களுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்து வந்த நாடு அமெரிக்கா. அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் அங்கே இல்லை. அவர் சார்பில் ஓர் அதிகாரிகூட இல்லை.

அதிபர் ரொனால்ட் ரீகனின் அரசு அப்போது ஒர்டேகாவோடு நேருக்கு நேர் பேச மறுத்து வந்தது. ஒர்டேகாவின் கட்சியினரான சாண்டினிஸ்டாக்கள் முதலில் கான்ட்ராக்களோடு பேசட்டும், பிறகு பார்க்கலாம் என்பது அதன் நிலை. அரசு சந்திக்க மறுத்த ஒருவரை, அரசின் சொந்தத் தலைநகரிலேயே, பதவி வரிசையில் அதிபருக்கும் துணை அதிபருக்கும் அடுத்த இடத்தில் இருந்தவர் சந்தித்தார். சந்தித்ததோடு நிற்காமல் போர்நிறுத்தப் பேச்சின் நடுவிலும் உட்கார்ந்தார்.

வெள்ளை மாளிகை கொதித்தது. பெயர் சொல்ல விரும்பாத அதிகாரிகள் இதை வெறும் நாடகம் என்று பத்திரிகையாளர்களிடம் சாடினார்கள். நாட்டுக்கு ஒரே நேரத்தில் ஒரு வெளியுறவு அமைச்சர்தான் இருக்க முடியும் என்ற வாதம் எங்கும் கேட்டது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நவம்பர் 13-ஐ மட்டும் தனியாக வெட்டி எடுத்து ரைட்டைக் கூண்டில் ஏற்றினால் நடந்தது என்ன என்பதே பிடிபடாது. அவரை இந்தப் பாதைக்கு அழைத்து வந்தது வெள்ளை மாளிகைதான்.

நம்பிக்கை எங்கே உடைந்தது

1979-இல் சாண்டினிஸ்டாக்கள் சொமோசா குடும்ப ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1981 முதல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கான்ட்ராக்களுக்கு ஆயுதம் கொடுத்து அவர்களை வளர்த்தது. பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதை விரும்பவில்லை. 1982-இல் போலண்ட் திருத்தம் மூலம் கட்டுப்பாடு விதித்தது, 1984-இல் ராணுவ உதவியை முற்றிலும் நிறுத்தியது. 1986 ஜூனில் காற்று திசை மாறியது. 221-க்கு 209 என்ற வாக்கில் பிரதிநிதிகள் சபை 10 கோடி டாலர் உதவிக்கு இணங்கியது. அந்தப் பணம் 1987 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிவடைய வேண்டும்.

இடையில் 1986 நவம்பரில் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்த லாபத்தில் ஒரு பகுதியைக் கான்ட்ராக்களுக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். காங்கிரஸ் கூடாது என்று சட்டம் போட்ட ஒரு காரியத்தை, வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஊழியர்கள் தனியார் தரகர்களை வைத்தும் வெளிநாட்டு அரசுகளிடம் நன்கொடை கேட்டும் நடத்தியிருந்தார்கள். 1987 கோடை முழுவதும் அதன் விசாரணை தொலைக்காட்சியில் ஓடியது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் இடம் இது. சட்டமன்றக்காரர்கள் தனி ராஜதந்திரம் நடத்துகிறார்கள் என்று குற்றம் சாட்டிய அதே நிர்வாகம், சட்டமன்றம் போட்ட சட்டத்தை மீறித் தனி ராஜதந்திரம் நடத்திப் பிடிபட்டிருந்தது. அதனால் ரைட் செய்தது சரியாகிவிடாது. ஆனால் வெளியுறவை எங்களிடம் நம்பி விடுங்கள் என்ற சொல்லுக்கு அந்த ஆண்டில் கனம் இருக்கவில்லை.

ஆகஸ்டில் கைகோத்தவர்கள்

1987 ஜூலையில் டாம் லெஃப்லர் ரைட்டைப் பார்க்க வந்தார். இவர் டெக்ஸாஸிலிருந்து வந்தவர், ரீகனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். கான்ட்ரா உதவிக்காகக் காங்கிரஸில் ஆதரவு திரட்ட வெள்ளை மாளிகை அமர்த்தியவர். ரைட்டும் டெக்ஸாஸ்காரர், ஃபோர்ட் வொர்த் தொகுதி. ஸ்பானிய மொழி பேசுவார், மத்திய அமெரிக்கத் தலைவர்கள் பலரோடு அவருக்கு நேரடிப் பழக்கம் இருந்தது. அதிபரும் சபாநாயகரும் சேர்ந்து ஓர் அமைதித் திட்டம் வெளியிட்டால் என்ன என்பதுதான் லெஃப்லர் கொண்டு வந்த யோசனை.

ரைட்டின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலர் இதைப் பொறி என்றார்கள். ஒர்டேகா திட்டத்தை நிராகரிப்பார். ‘அமைதிக்கும் முயன்று பார்த்தாயிற்று’ என்று சொல்லி ரீகன் புதிய ஆயுத உதவியைக் கேட்பார். கையெழுத்துப் போட்ட சபாநாயகர் மறுக்க முடியாமல் மாட்டிக்கொள்வார் என்பது அவர்கள் பயம். வெள்ளை மாளிகையில் சிலருடைய கணக்கும் அதுவாகவே இருந்தது. ரைட்டுக்கும் இது தெரியும். ஒர்டேகா ஏற்றுக்கொண்டுவிட்டால் போர் நிற்குமே என்று அவர் எண்ணிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 5-ஆம் தேதி ரீகன்-ரைட் திட்டம் வெளியானது. போர்நிறுத்தம், கான்ட்ராக்களுக்கான அமெரிக்க ராணுவ உதவியையும் சாண்டினிஸ்டாக்களுக்கான சோவியத், கியூப உதவியையும் நிறுத்துவது, நெருக்கடி நிலையை விலக்குவது, தேர்தலுக்கு நாள் குறிப்பது, எல்லாவற்றுக்கும் கெடு செப்டம்பர் 30.

மறுநாள் குவாத்தமாலா நகரில் மத்திய அமெரிக்காவின் ஐந்து அதிபர்கள் கூடினார்கள். கோஸ்டாரிகா அதிபர் ஆஸ்கர் அரியாஸ் அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே சொந்தமாக ஓர் அமைதித் திட்டத்தை வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார். வாஷிங்டன் திட்டம் அவர்களை உசுப்பியது. வெளியூர்க்காரர் எழுதியதை ஏற்பதைவிட நம்முடையதையே முடித்துவிடலாம் என்ற வேகத்தில் ஆகஸ்ட் 7 அன்று ஐவரும் அரியாஸின் திட்டத்தில் கையெழுத்திட்டார்கள். எஸ்கிபுலாஸ் இரண்டு என்று வரலாறு அதை அழைக்கிறது. ஒர்டேகாவும் கையெழுத்திட்டார்.

ரைட் அந்த ஒப்பந்தத்தை உடனே வரவேற்றார். ரீகன் தரப்பு தயங்கியது, பிறகு பின்வாங்கியது. செப்டம்பரில் ஷுல்ட்ஸ் கான்ட்ராக்களுக்கு 27 கோடி டாலர் கேட்கப் போவதாகச் சொன்னார். ஒப்பந்தத்தின் அடிப்படையிலேயே பெருங்குறை இருக்கிறது என்ற பொருளில் ரீகன் பேசினார். அக்டோபரில் அரியாஸுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் ஒரே காகிதத்தில் பெயர் போட்ட இருவரும் இலையுதிர் காலத்தில் எதிரெதிர் கரையில் நின்றார்கள். தான் கொடுத்த வாக்கைத் தான் காப்பாற்றுவதாக ரைட் நினைத்தார். இரவல் கொடுத்த அதிகாரத்தைத் திருப்பித் தர மறுக்கிறார் என்று வெள்ளை மாளிகை நினைத்தது. இரண்டு நினைப்புக்கும் ஆதாரம் உண்டு.

நவம்பரில் நடந்தது

அமெரிக்க நாடுகள் அமைப்பின் கூட்டத்துக்காக ஒர்டேகா வாஷிங்டன் வந்திருந்தார். ஒபாண்டோவைப் போர்நிறுத்தப் பேச்சுக்கு நடுவராக ஏற்கத் தயார் என்று நிகராகுவா அரசு சற்று முன்புதான் இணங்கியிருந்தது. ஒர்டேகா முதலில் ரைட்டைச் சந்தித்தார், தன் திட்டத்தைக் காட்டினார். பிறகு வத்திக்கான் தூதரகச் சந்திப்பு. அதே நாட்களில் ரைட் கான்ட்ரா தலைவர்களோடும் பேசினார். பின்னாட்களில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அவர் ஒரு தரப்புக்கு மட்டும் கதவு திறந்தவர் அல்ல.

மூன்று நாள் கழித்து ரீகனும் ஷுல்ட்ஸும் ரைட்டும் வெள்ளை மாளிகையில் சந்தித்தார்கள், சூடான பேச்சு. அடுத்த நாள், நவம்பர் 17, ஷுல்ட்ஸும் ரைட்டும் சேர்ந்து ஆறு அம்ச அறிக்கை ஒன்றை வெளியிட்டுச் சண்டையை மூடினார்கள். மத்திய அமெரிக்கப் பிரச்சினையை மத்திய அமெரிக்கர்களே தீர்க்கட்டும் என்பது அதன் சாரம். ஷுல்ட்ஸின் நிதானத்தை இங்கே பாராட்டத்தான் வேண்டும். வெள்ளை மாளிகையில் இன்னும் கடுமையான முடிவை விரும்பியவர்கள் இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இப்படிப்பட்ட தகராறு எழும்போதெல்லாம் லோகன் சட்டம் என்ற பெயர் தூசி தட்டி எடுக்கப்படும். ஜார்ஜ் லோகன் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1798-இல் பிரான்சும் அமெரிக்காவும் கடலில் மோதிக்கொண்டிருந்தபோது தன் சொந்த முயற்சியில் பாரிஸ் போய்ச் சமாதானம் பேசினார். கோபமடைந்த காங்கிரஸ், அரசின் அனுமதி இல்லாமல் ஒரு குடிமகன் வெளிநாட்டு அரசோடு தகராறு விஷயத்தில் பேசினால் குற்றம் என்று சட்டம் இயற்றியது. 1799 ஜனவரி 30-இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார். இரண்டே இரண்டு பேர் மேல்தான் வழக்குப் பதிவானது, 1803-இலும் 1852-இலும். தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. லோகனும் அடங்கவில்லை: செனட் உறுப்பினராகி, பதவிக் காலம் முடிந்தபின் 1810-இல் மறுபடியும் சொந்தச் செலவில் சமாதானம் பேச இங்கிலாந்து போனார்.

காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா? 1975-இல் இரண்டு செனட்டர்கள் கியூபா போய் வந்தபோது இந்தக் கேள்வி வந்தது. உறுப்பினர்கள் தங்கள் சட்டமன்றக் கடமையின் பொருட்டு வெளிநாட்டு அதிகாரிகளோடு உரையாடுவதை இந்தச் சட்டம் தடுப்பதாகத் தெரியவில்லை என்று வெளியுறவுத் துறையே அப்போது சொன்னது. ஆகவே ரைட்மீது லோகன் சட்டத்தை வீசியவர்கள் வெற்றுத் தோட்டாவைத்தான் வீசினார்கள்.

அரசியல் சாசன வாதம் இதைவிடக் கனமானது. தூதர்களை நியமிப்பதும் வரவேற்பதும் அதிபரின் வேலை. உடன்படிக்கைக்கு செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு இசைவு வேண்டும். பணமும் போர் அறிவிப்பும் காங்கிரஸின் கையில். வெளியுறவில் அதிபரே நாட்டின் ஒரே குரல் என்று உச்ச நீதிமன்றம் 1936-இல் கர்டிஸ்-ரைட் வழக்கில் எழுதியது. (அந்த ரைட்டுக்கும் நம் ரைட்டுக்கும் தொடர்பில்லை, அது ஒரு விமான நிறுவனம்.) அந்தச் சொற்றொடர் ஜான் மார்ஷல் 1800-இல் பிரதிநிதிகள் சபையில் ஆற்றிய உரையிலிருந்து எடுக்கப்பட்டது. நாட்டின் சார்பில் செய்தி சொல்பவர் அதிபர் என்பதற்காக மார்ஷல் சொன்னதை, கொள்கையை வகுப்பவரும் அவர் ஒருவரே என்கிற அளவுக்கு நீட்டிவிட்டார்கள் என்று அறிஞர்கள் பல காலமாகக் கண்டித்து வந்தார்கள். 2015-இல் ஸிவோடோஃப்ஸ்கி வழக்கில் நீதிமன்றமே அந்தப் பழைய தீர்ப்பின் வீச்சைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டது.

செய்தி சொல்லும் வாய் ஒன்று, பணப்பையின் முடிச்சைப் பிடித்திருக்கும் கை வேறொன்று. ரைட்டின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கியது. கான்ட்ராக்களுக்குப் பணம் போகுமா போகாதா என்பது அவருடைய சபையின் வாக்கில் இருந்தது. அந்த வாக்கு எதைப் பொறுத்து விழும் என்று ஒர்டேகாவிடமும் கான்ட்ராக்களிடமும் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் வாஷிங்டனில் இல்லை.

இரண்டு கடிதங்கள்

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கடிதங்கள் இருக்கின்றன.

முதலாவது 1984 மார்ச் 20-இல் எழுதப்பட்டது. ‘அன்புள்ள கமாண்டன்ட்’ என்று தொடங்கி ஒர்டேகாவுக்குப் பத்து ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் எழுதியது. அவர்களில் அப்போது பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த ஜிம் ரைட்டும் ஒருவர். திறந்த, நேர்மையான தேர்தல் நடத்துங்கள் என்று அது வேண்டியது. கான்ட்ரா உதவியைத் தாங்கள் எதிர்ப்பவர்கள் என்பதையும் சொன்னது. குடியரசுக் கட்சி உறுப்பினர் நியூட் கிங்ரிச் முதலானோர் அந்த விளிப்பையே கையில் எடுத்துக்கொண்டு சபையில் விளாசினார்கள்.

இரண்டாவது 2015 மார்ச் 9-இல் ஈரான் தலைவர்களுக்கு எழுதப்பட்ட பகிரங்கக் கடிதம். செனட்டுக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருந்த டாம் காட்டன் எழுதினார். குடியரசுக் கட்சியின் 54 செனட்டர்களில் 47 பேர் கையெழுத்திட்டார்கள். அதிபர் ஒபாமாவின் அரசு அணுசக்தி ஒப்பந்தத்துக்காகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. காங்கிரஸ் ஒப்புதல் இல்லாத ஒப்பந்தம் வெறும் நிர்வாக ஒப்பந்தமே, அடுத்து வரும் அதிபர் ஒரே கையெழுத்தில் அதை ரத்து செய்துவிடலாம் என்று கடிதம் எச்சரித்தது. வெளியுறவுக் குழுவின் தலைவர் பாப் கார்க்கர் கையெழுத்திடாத ஏழு பேரில் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் அவர் முன்னின்று கொண்டுவந்த மசோதா, ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் பரிசீலிக்க வழி செய்து, செனட்டில் 98-க்கு 1 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவர் காட்டன்.

இரண்டு கடிதங்களையும் ஒரே தட்டில் வைப்பது வழக்கம்: உங்கள் ஆள் செய்தார், எங்கள் ஆளும் செய்தார் என்று கணக்கு நேராகிவிடும். என் பார்வையில் இவை ஒன்றல்ல. 1984 கடிதம் எதிர்த்தரப்பிடம் ஒரு காரியத்தைக் கேட்டது. கேட்டதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அமெரிக்க அரசு கொடுத்த வார்த்தை எதுவும் கெடாது. 2015 கடிதம், மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆளின் கையெழுத்தை நம்பாதே என்று எதிர்த்தரப்பிடமே சொன்னது. அதில் சொன்ன சட்ட விவரம் பெருமளவு சரிதான். 2018 மே 8-இல் டிரம்ப் விலகியபோது அது நடந்தும் காட்டியது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் செனட்டின் அவை. கார்க்கர் அங்கேதான் போனார்.

2007 ஏப்ரலில் சபாநாயகர் நான்சி பெலோசி டமாஸ்கஸ் போய் பஷார் அல்-அசாத்தைச் சந்தித்தது இன்னொரு வகை. போனது பெரிய தவறல்ல. குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் அந்த வாரத்தில் அங்கே போயிருந்தார்கள். இஸ்ரேல் பிரதமர் ஓல்மர்ட்டின் செய்தி என்று அவர் அசாத்திடம் ஒன்றைச் சொல்ல, எங்கள் கொள்கை மாறவில்லை என்று ஓல்மர்ட் அலுவலகம் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்தவர் செய்தியைச் சுமக்கும்போது ஒரு சொல் இடறினாலும் விளக்கம் கொடுக்க வெளியுறவுத் துறையின் கோப்புகளும் குறிப்பெடுப்பவர்களும் கூட இருப்பதில்லை.

ரைட் எங்கே சறுக்கினார்

ஆகஸ்டில் அவர் செய்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதிபரோடு சேர்ந்து செய்தார். செப்டம்பரில் எஸ்கிபுலாஸை ஆதரித்ததும் அவர் உரிமை. நவம்பரில் ஒர்டேகாவைச் சந்தித்து, உங்கள் அரசு இன்னின்ன செய்தால்தான் என் சபையில் கான்ட்ரா உதவி தோற்கும் என்று சொல்லியிருந்தால் அதுவும் அவர் கையில் இருப்பதைப் பற்றிய பேச்சுத்தான்.

போர்நிறுத்தத் திட்டம் கை மாறிய சந்திப்பில் அவர் உடன் இருந்ததுதான் எல்லை தாண்டல். தான் நடுவர் அல்ல, உதவ வந்தவர் என்று அவர் விளக்கினார். அவர் மனதில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம். எதிரில் இருப்பவர் மனதில் என்ன பதிகிறது என்பதைத்தான் ராஜதந்திரத்தில் பார்க்க வேண்டும். வெள்ளை மாளிகையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை இருக்கிறது என்று ஒர்டேகா அன்று கண்டுகொண்டார். கான்ட்ராக்களுக்கோ, பேச்சு தொடங்கும் முன்பே தங்களுக்குப் பின்னால் நின்றவரின் பலம் குறைந்தது. கர்தினாலும் ஒர்டேகாவும் மட்டும் சந்தித்திருந்தால் திட்டம் அதே திட்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனாலும் அவர் போலி நாணயத்தை நீட்டவில்லை. 1988 பிப்ரவரி 3-இல் ரீகன் கேட்ட 3.62 கோடி டாலரை பிரதிநிதிகள் சபை 219-க்கு 211 என்று நிராகரித்தது. மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் சொந்த மாற்று மசோதாவும் தோற்றது. அது ரைட்டுக்குப் பெரிய அடி. நிகராகுவா படைகள் ஹோண்டுராஸ் எல்லையைத் தாண்ட, ரீகன் 3,200 வீரர்களை ஹோண்டுராஸுக்கு அனுப்பினார். இந்தப் பதற்றத்துக்கு நடுவே மார்ச் 23-இல், கோஸ்டாரிகா எல்லையை ஒட்டிய சபோவா என்ற ஊரில், சாண்டினிஸ்டாக்களும் கான்ட்ராக்களும் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள். கர்தினால் ஒபாண்டோ சாட்சியாக நின்றார். வாஷிங்டன்காரர் யாரும் அந்த மேசையில் இல்லை. ஒரு வாரத்தில் காங்கிரஸ் இரு கட்சி ஆதரவோடு கான்ட்ராக்களுக்கு உணவு, மருந்து போன்ற மனிதாபிமான உதவியை அளித்தது.

ரைட் 1989-இல் பதவி விலகினார். புத்தக வருமானம், பரிசுகள் சம்பந்தமான நெறிமுறைப் புகார்கள் அதற்குக் காரணம், நிகராகுவா அல்ல. புகாரை முன்னெடுத்தவர் கிங்ரிச். அதற்குச் சற்று முன், மார்ச் 24-இல், புதிய அதிபர் புஷ்ஷின் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் ரைட்டோடும் மற்றக் காங்கிரஸ் தலைவர்களோடும் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டை எட்டியிருந்தார். கான்ட்ராக்களுக்கான ஆயுதம் அல்லாத உதவி நிகராகுவாவின் 1990 பிப்ரவரித் தேர்தல் வரை தொடரும். நடுவில் அதை நிறுத்தும் வாய்ப்பைக் காங்கிரஸ் குழுக்களுக்குத் தரும் கடிதமும் அதோடு இருந்தது. இது அதிபரின் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதாகாதா என்று புஷ்ஷின் சட்ட ஆலோசகர் பாய்டன் கிரே பத்திரிகையிடமே கேள்வி எழுப்பினார். பேக்கர் அதைப் பொருட்படுத்தவில்லை. சபையின் வாக்கு யார் பக்கம் என்று அவர் எண்ணிப் பார்த்திருந்தார்.

1990 பிப்ரவரி 25-இல் நிகராகுவா மக்கள் வாக்களித்தார்கள். வயலெட்டா சமோரோ வென்றார். ஒர்டேகா தோல்வியை ஏற்றுக்கொண்டு ஏப்ரலில் பதவியை ஒப்படைத்தார்.